நாற்பதாவது மார்ட்டன்

பனி உறைகிற வடகோடியில், ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் வெள்ளைமீன் வளைவு என்கிற ஊரில் மொத்தம் எண்பத்திரண்டு பேர். அதில் எண்பத்தொரு பேருக்கு வாய் நீளம். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான் என்று சொல்வார்கள். தபால் அறையும், ஊரிலிருக்கிற ஒரே டெலிபோனும் என் கையில் இருக்கும்போது வேறு எப்படி இருப்பேன்? மிச்சமிருக்கிற அந்த ஒருவன் ஏனோக்கு. அவன் வாயைத் திறப்பது டீ குடிக்க மட்டும்தான். அப்பேர்ப்பட்டவன் செய்த காரியத்தால்தான் ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அது ஆகஸ்டில் ஆரம்பித்தது. ஆற்றில் வெள்ளைமீன் ஏறுகிற சமயம். கரையில் பரண் கட்டி, அடியில் வில்லோக் கட்டையைப் புகையவிட்டு, நானும் எஃபியும் மீன் கீறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். எஃபி என் வயசுக்காரி, நாற்பத்தெட்டு. குட்டையாய், உருண்டையாய் இருப்பாள். அவள் புருஷன் சைலஸ் ஆற்றில் பனி உடைந்து போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அவள் சிரித்து நான் கேட்டதேயில்லை. வீட்டில் அவளும் மகள் நீட்டாவும்தான். நீட்டா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள்.

சைலஸின் தம்பி லாசரஸ் கரையோரமாய் வந்தான். பெரிய உடம்பு, பெரிய குரல், வழுக்கை மண்டை. கெட்டவன் இல்லை. ஆனால் கூட்டம் இருக்கிற இடத்தில்தான் பேச வேண்டும் அவனுக்கு.

"அண்ணி, ஒரு விஷயம் பேசணும்."

"பேசுங்க கொழுந்தனாரே. கையில கத்தி வச்சிருக்கேன், அதை மட்டும் பாத்துக்கிட்டுப் பேசுங்க."

"அண்ணன் போயி ரெண்டு குளிர்காலம் ஆச்சு. அவரு காட்டுல பொறி வச்சு மிருகம் புடிச்ச பொறிப்பாதை சும்மா கெடக்கு. ரெண்டு வருஷம் யாரும் நடக்காத பாதை குடும்பத்துல அடுத்த ஆளுக்குத்தான். நான் புதுசா சொல்லல, ஊர் வழக்கம்."

"நான் நடக்கறேன்."

"என்னது?"

"காது அடைச்சிருக்கா? பாதைய நான் நடக்கறேன்னேன்."

பரண்களுக்கு நடுவே இருந்த அத்தனை பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். லாசரஸ் சிரித்தான்.

"அண்ணி, தோல் உரிக்கறதுல உங்கள அடிச்சுக்க இந்த ஆத்தங்கரையில ஆள் கெடையாது, ஒத்துக்கறேன். இருபத்தஞ்சு வருஷம் அண்ணன் கொண்டாந்து போட்டாரு, நீங்க உரிச்சீங்க. ஆனா கொண்டாந்து போட்டது அவரு. நாப்பது மைல் பாதை. மைனஸ் நாப்பது குளிரு. மரத்துல ஓடற மார்ட்டன் ஒண்ணாவது புடிச்சிருக்கீங்களா, உங்க ஆயுசுல?"

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? புடிப்பேன். கிறிஸ்துமஸ் விருந்துக்கு முன்னாடி நாப்பது மார்ட்டன் கொண்டாந்து ஊர்க் கூடத்துல போடறேன். ஒண்ணு கொறைஞ்சாலும் பாதை உங்களுது, அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். சரியா?"

"சரி" என்றான் லாசரஸ். ஊர் முழுக்கக் கேட்டது. நாற்பது என்பது சைலஸுக்கே நல்ல வருஷத்தில் கிடைக்கிற கணக்கு. அவன் போனதும் நான் அவள் இடுப்பில் இடித்தேன்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? இருபதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"வாய்ல வந்துருச்சு டாலி" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "பாதையில அவரு தங்கற அந்தக் குடில்ல அவரு கோடாலி இன்னும் சாத்தி வச்சபடியே இருக்கு. வேற ஒருத்தர் கை அதுல படறத என்னால நெனச்சுப் பாக்க முடியலடி."

நவம்பர் முதல் வாரம் ஆறு உறைந்து நின்றதும் எஃபி சறுக்குவண்டியில் ஆறு நாய்களைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். வண்டியில் நூறு பொறி, ஒரு பீப்பாய் ஊசிப்போன மீன், மாவு, டீத்தூள். அந்த மீன் நாற்றத்துக்கு மார்ட்டன் மயங்கி வரும். மனுஷன் மயங்கி விழுவான். சாய்த்து வைத்த கம்பத்தின் நுனியில் மீனைக் கட்டி, பாதி வழியில் பொறியை வைக்க வேண்டும். மார்ட்டன் நம் பூனையைவிடச் சின்னது, மரமேறி, ரோமம் பட்டு. மீனுக்காகக் கம்பத்தில் ஏறும், முன்னங்கால் மாட்டிக்கொள்ளும்.

பத்து நாள் கழித்து வந்தாள். கன்னத்தில் ரெண்டு இடம் குளிரில் கறுத்திருந்தது. நேரே என் தபால் அறைக்குள் வந்து, கோட்டுக்குள்ளிருந்து ஒரு மார்ட்டனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மொதல் மார்ட்டன்!" என்று கத்தினேன். கடிதங்கள் எல்லாம் கீழே விழுந்தன.

"வா என்கூட. இத ஒருத்தருக்குக் கொடுக்கணும்."

எங்களில் அப்படித்தான். ஆயுசில் முதலில் பிடித்ததை முழுசாக ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. 'நான் கொடுத்தேனே' என்று ஒரு தடவை சொன்னால் போச்சு, அதற்கப்புறம் பொறி காலியாகவே கிடக்கும். அக்கம்பக்கத்தாரும் கொடுத்தவருக்காகப் பரிந்து பேசக் கூடாது. வாங்கினவர் மட்டும் சொல்லலாம்.

எனக்குத்தான் கொடுப்பாள் என்று கொஞ்சம் ஆசை இருந்தது, மறைப்பானேன்? அவள் நேரே லாசரஸ் வீட்டுக்குப் போனாள். அவன் மூஸ் மான் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் தட்டுக்குப் பக்கத்தில் மார்ட்டனை வைத்தாள்.

"கொழுந்தனாரே, இது உங்களுக்கு."

லாசரஸின் வாய் திறந்தபடி நின்றது. அவன் பெண்டாட்டி பெல்லா அடுப்படியிலிருந்து, "மாசி சோ, அக்கா, ரொம்ப நன்றி" என்று அவனுக்கும் சேர்த்துச் சொன்னாள். பிறகு அவனைப் பார்த்து, "ஏங்க, வாய மூடுங்க, சூப்பு ஒழுகுது" என்றாள். நான் வெளியே வந்துதான் சிரித்தேன்.

பெல்லா அந்தத் தோலைப் பதம்பண்ணி, உச்சியில் மான்தோல் வைத்து, சுற்றிலும் மார்ட்டன் ரோமமாய் அவனுக்கு ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தாள். வால் பின்னால் தொங்கும். லாசரஸுக்குத் தலைகால் புரியவில்லை. விறகு பிளக்கப் போனாலும் தொப்பி, தண்ணீருக்காக ஆற்றுப் பனியில் ஓட்டை போடப் போனாலும் தொப்பி. "தூங்கறப்பவாவது கழட்டறாரா?" என்று பெல்லாவைக் கேட்டேன். "கழட்டி என் தலகாணியில வைக்கறாரு, நான் வெறுந்தரையில படுக்கறேன்" என்றாள்.

எஃபி வாரம் ஒருமுறை வந்து ஒரு நாள் தங்குவாள். நாய்களுக்கு மீன், தனக்கு வெந்நீர்க் குளியல், எனக்கு ஊர்க்கதை. நீட்டா ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டே வம்பிழுப்பாள்.

"அம்மா, உன் மேல மீன் நாத்தம் அடிக்குது. கல்யாணம் பண்ணிக்கக் கேட்டு ஒருத்தன்கூட வரமாட்டான்."

"எனக்கு எதுக்குடி கல்யாணம்? உனக்குத்தான் பாக்கணும். நீ சுடற ரொட்டிய வச்சு மூஸ அடிச்சுக் கொல்லலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரெண்டு வருஷத்துக்கப்புறம் அந்தச் சிரிப்பு. நீட்டா கையில் மாவோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்குக் கண் கலங்கிப் போயிற்று, டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

"டாலி, உனக்குத் தெரியுமா" என்றாள் எஃபி, காலை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு. "அந்தப் பாதையில நான் தனியாப் பாடிக்கிட்டுப் போறேன்டி. ஒவ்வொரு கம்பமா எட்டிப் பாக்கறப்ப மனசு அடிச்சுக்குது, சின்னப் புள்ள மாதிரி. இருபத்தஞ்சு வருஷம் இந்தச் சந்தோஷத்த அந்த மனுஷன் தனியா அனுபவிச்சிருக்காரு பாரு. வீட்டுக்கு வந்து, கஷ்டம் கஷ்டம்னுவாரு. பொய்யி!"

"எத்தன ஆச்சு?"

"இருபத்தாறு. அதுல மூணு மரத்துல தொங்கிட்டிருந்துச்சு. ஏனோக்கு வேலை."

ஏனோக்கின் பாதை மேட்டுக் காட்டில். அங்கே போக எஃபியின் பாதையில் பன்னிரண்டு மைல் வந்தாக வேண்டும். வழியில் அடுத்தவர் பொறியில் எதுவாவது மாட்டியிருந்தால், காக்கையும் வால்வரீன் என்கிற திருட்டு மிருகமும் தின்றுவிடாமல் அதை எடுத்து மரத்தில் உயரக் கட்டிவிட்டு, பொறியைத் திரும்ப வைத்துவிட்டுப் போவது மரியாதை. எல்லோரும் செய்வதுதான்.

"ஏதாவது பேசுனானா?"

"நேத்து பாதையில எதிர்ப்பட்டான். நான் பாடிக்கிட்டு வர்றேன். நாயெல்லாம் ஒதுக்கி நிறுத்தி, தொப்பியக் கழட்டிட்டு நின்னான். மைனஸ் முப்பத்தெட்டுல! காது விழுந்துரும், போடு மனுஷான்னேன். போட்டுக்கிட்டான். அவ்வளவுதான் பேச்சு."

டிசம்பர் இருபதாம் தேதி மூட்டையோடு வந்தாள். பகல் முழுக்கப் பாதையிலேயே போய்விடுவதால் ஒன்றைக்கூட உரிக்கவில்லை. கட்டை மாதிரி உறைந்து, ரோமமெல்லாம் வெண்பனி பூத்து, குடில் கூரைமேல் கிடந்தவற்றை அப்படியே அள்ளி வந்திருந்தாள். நாற்பத்திரண்டு. நீட்டா அம்மாவைத் தூக்கிச் சுற்றினாள். லாசரஸுக்குக் கொடுத்ததைச் சேர்க்காமலே ரெண்டு அதிகம். நான் மறந்தும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அடுப்புக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். மறுநாள் மத்தியானத்துக்குள் பனி உருகி எல்லாம் இளகிவிட்டது. எஃபி முக்காலியில் உட்கார்ந்து சின்னக் கத்தியைத் தீட்டிக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். பதினோராவதோ பன்னிரண்டாவதோ மார்ட்டனைக் கையில் எடுத்தவள் பேச்சை நிறுத்தினாள். ரோமத்தை எதிர்ப்பக்கம் ஊதிப் பார்த்தாள். விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பினாள்.

"நீட்டா, இந்த முன்னங்கால்ல பொறி கடிச்ச தடம் இருக்கா பாரு."

"இல்லம்மா."

"கழுத்துல?"

"கம்பி அழுந்துன மாதிரி ஒரு கோடு இருக்கு."

எஃபி கத்தியைக் கீழே வைத்தாள். "நான் கம்பிச் சுருக்கே வைக்கல. டாலி, இங்க வா. எங்க பள்ளத்து மார்ட்டன் பழுப்பு, தொண்டையில ஆரஞ்சுத் திட்டு இருக்கும். இது கறுப்பு. தொண்டையில ஒண்ணுமில்ல. மேட்டுக்காட்டு மார்ட்டன். முப்பது மைல் நடந்து வந்து, தானாச் செத்து, தானாவே என் மரத்துல ஏறித் தொங்குச்சா?"

மூன்று பேரும் கயிற்றோடு போய் ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். அந்த மாதிரி ஏழு இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனோக்கு வேலைதான், நாற்பது வருஷம் பொறி வைத்தவன்! யாரை ஏமாற்றினாலும் ஏமாற்றலாம், இருபத்தஞ்சு வருஷம் தோல் உரித்தவளிடம் போய் மேட்டு மார்ட்டனைப் பள்ளத்து மார்ட்டன் என்று தொங்கவிட்டிருக்கிறான். ஆனால் எஃபி சிரிக்கவில்லை. முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

"என்னைப் பாவம்னு நெனச்சிருக்கான். புருஷன் செத்தவ, பொழைக்கத் தெரியாதவன்னு!"

"அம்மா, சும்மா இரு" என்றாள் நீட்டா. "உன் மரத்துல தொங்கறது உன்னுது. அதுதான வழக்கம்? யாருக்குத் தெரியப் போகுது? ஏனோக்கு மாமா உயிரே போனாலும் பேச மாட்டாரு. டாலி அத்தை..." என்று என்னைப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் தயங்கினாள்.

"என் பொறியில மாட்டி, என் மரத்துல தொங்குனாத்தான் என்னுது. அவன் பொறியில மாட்டுனது அவன்து. இத வச்சுப் பாதைய ஜெயிச்சேன்னா அந்தப் பாதையில நான் எப்படிப் பாடிக்கிட்டுப் போவேன்? முப்பத்தஞ்சுதான் என்னுது. இன்னும் மூணு நாள் இருக்கு. நாய்களுக்குத் தீனி போடு, நாளைக்குக் காலையில கெளம்பறேன். டாலி, நீ ரேடியோவுக்குச் சேதி எழுது."

சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோவில் காட்டுக் குடில்களுக்கு வீட்டிலிருந்து வரும் சேதிகளைப் படிப்பார்கள். இருநூறு மைல் சுற்றளவில் அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்ளாத ஆளே கிடையாது. நான் டெலிபோனில் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். படித்த பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை:

"மேட்டுக் குடிலில் இருக்கும் ஏனோக்குக்கு. உன் மார்ட்டன்கள் ஏழு என் வீட்டில் இருக்கின்றன. அவை எப்படி வழி தப்பி வந்தன என்று உனக்குத் தெரியும். வந்து எடுத்துக்கொண்டு போ. எஃபி."

மறுநாள் தபால் அறையில் கூட்டம் தாங்கவில்லை. யாருக்கும் தபால் இல்லை, எல்லோருக்கும் விவரம்தான் வேண்டும். லாசரஸும் வந்தான், தொப்பியோடு.

"அண்ணியே ஒதுக்கி வச்சுட்டாங்களா? ஏழையும்?"

"ஒதுக்கிட்டா. இப்ப முப்பத்தஞ்சுதான்."

அவன் 'பாத்தியா' என்பான் என்று எதிர்பார்த்தேன். தொப்பியின் வாலைத் தடவிக்கொண்டே போய்விட்டான்.

இருபத்துநாலாம் தேதி காலை ஏனோக்கு என் தபால் அறைக்கு வந்து சேர்ந்தான். மீசையில் ஐஸ் தொங்க, கதவருகிலேயே நின்றான். டீ கொடுத்தேன். குடித்தான். அப்புறம் வாயைத் திறந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"ரொம்பக் கோவமா?"

"ரொம்ப. அவளப் பாவம்னு நெனச்சுட்டியாம்."

"பாவமா?" என்று திகைத்தான். "ஐயோ, அப்படியில்ல டாலி. ரெண்டு வருஷம் அந்தப் பன்னெண்டு மைல் நான் தனியாப் போனேன். சத்தமே கெடையாது. இந்த வருஷம் அவ பாட்டுக் கேக்குது. நாய்ங்ககூட நின்னு கேக்குதுங்க. பாதை லாசரஸுக்குப் போயிருச்சுன்னா... லாசரஸ் பாடுவான்ல? அத யாரு கேக்கறது?"

அவன் ஒரு வருஷத்தில் பேசுவதை ஒரே மூச்சில் பேசிவிட்டான். நான் இன்னொரு டீ ஊற்றினேன்.

விருந்து அன்றைக்கு மத்தியானம் ஆரம்பம். கூடத்தில் நீளத்துக்கு மேஜை போட்டு மான்கறி, சூப்பு, வறுத்த மீன், கிரான்பெரி போட்ட ரொட்டி. யாரும் தொடவில்லை. நாய் மணிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். எஃபி பனியோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் நீட்டா உரித்த தோல்களைச் சுமந்துகொண்டு வந்தாள். ஏனோக்கு மூலையில் தன் ஏழு மார்ட்டன் மூட்டையைக் காலுக்கிடையில் வைத்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

எண்ணும் வேலை எனக்கு. நீட்டா கொண்டுவந்த தோல்கள் முப்பத்தைந்து. எஃபி பையைத் திறந்து, இன்னும் உறைந்து கிடந்ததை ஒவ்வொன்றாய் வைத்தாள். முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. நான் மெதுவாக எண்ணினேன், மெதுவாக எண்ணினால் கூடிவிடும் என்பது போல. முப்பத்தொன்பது. அவள் பையை உதறிக் காட்டினாள். காலி.

"முப்பத்தொம்போது" என்றாள் எஃபி. "ஒண்ணு கொறையுது. சொன்ன சொல் சொன்னதுதான். கொழுந்தனாரே, பாதை உங்களுது. அந்தக் கோடாலிய மட்டும் எனக்குக் கொடுத்துருங்க."

வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் மாட்டாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடியதில்லை. நீட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெல்லா கரண்டியை இறுகப் பிடித்திருந்தாள். எண்பது ஜோடிக் கண்ணும் லாசரஸின் தலைமேல் இருந்தது.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றான்.

ஒரு கைக்குழந்தை மட்டும் தொப்பியின் வாலைப் பார்த்துக் கையை நீட்டியது.

லாசரஸின் முகம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சிவந்தது. எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். அதை ஒரு தடவை தடவிவிட்டு, மேஜைக்கு வந்து முப்பத்தொன்பது மார்ட்டனுக்கு மேலே வைத்தான்.

"நாப்பது" என்றான். அந்தப் பெரிய குரல் உடைந்து போயிருந்தது. "ஒரு மாசமாத் தலையில வச்சுக்கிட்டுத் திரியறேன், எனக்கு எண்ணத் தெரியாதா? அண்ணி, அது உங்க பாதை. அண்ணன் இருந்திருந்தா இன்னிக்கு..." மூக்கைச் சிந்தினான்.

கூடம் அதிர்ந்தது. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியாது. நான் யாரோ ஒருவர் தோளில் அழுதேன், பார்த்தால் என்னோடு ஆறு வருஷமாய்ப் பேச்சில்லாதவள். எஃபி அழுதுகொண்டே சிரித்தாள். தொப்பியை எடுத்து, எக்கி நின்று, லாசரஸ் தலையில் அழுத்தி வைத்தாள்.

"போட்டுக்கங்க கொழுந்தனாரே. மண்டை வெளிச்சம் கண்ணக் கூசுது."

சாப்பாடு முடிந்து பிடில் எடுத்துவிட்டார்கள். ஏனோக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"எங்க போற?" என்றாள் எஃபி.

"நீதான வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொன்ன. ரேடியோவுல."

"மார்ட்டன எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"அப்ப அது தீந்துச்சு. மூட்டையக் கீழ வையி. ஆடத் தெரியுமா, இல்ல அதுக்கும் டாலி சேதி எழுதிக் கொடுக்கணுமா?"

ஏனோக்கு ஆடினான். வாயில்லாவிட்டாலும் அவனுக்குக் கால் இருந்தது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

புதுவருஷம் பிறந்து எல்லோரும் பாதைக்குத் திரும்பினார்கள். கிளம்பும் காலையில் எஃபி நாய்களை வாசலில் நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ஒரு சேதி எழுதணும்டி."

"யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

எழுதினேன். அடுத்த வாரம் புதன்கிழமைக்குப் போட்டோம், அதற்குள் அவள் குடில் போய்ச் சேர்ந்திருப்பாள். அந்தப் புதன் ஆறு மணிக்கு இருநூறு மைல் சுற்றளவும் கேட்டது. நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை:

"மேட்டுக் குடிலில் இருக்கும் ஏனோக்குக்கு. பள்ளத்துக் குடிலில் டீ இருக்கிறது. இனிமேல் மரத்தில் எதையும் கட்டாதே. கதவைத் தட்டு."